கயிற்றில் கட்டிய வண்டி

பூவாயி சந்தைக்குப் போய் நாற்பத்தியொரு நாள் ஆகிவிட்டது. இதை வேறு யாரும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. அவளே காலையில் வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தினம் ஒரு நாளைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பது நாள் வரைக்கும் அழுகுரலில் சொன்னாள். நாற்பதைத் தாண்டியதும் குரல் சண்டைக்கு வந்துவிட்டது.

மகாபலிபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்பைத் தாண்டினால் அந்தக் குப்பம். நாற்பது ஐம்பது ஓலைக் குடிசைகள். ஆண்கள் மரம் கட்டிக் கடலுக்குப் போவார்கள். மரம் என்றால் கட்டுமரம்தான். கரைக்கு வந்த மீனைப் பெண்கள் கூடையில் சுமந்து ஆளுக்கொரு ஊராக விற்கப் போவார்கள். பூவாயிக்குத் திருக்கழுக்குன்றம். ஒன்பது மைல். நாற்றம் என்று பஸ்ஸில் கூடையை ஏற்றமாட்டார்கள், அதனால் நடைதான். நடை என்றால் நீங்களும் நானும் நடக்கிற நடை இல்லை. மீன் கெடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே, பாதி ஓட்டம். இருபது வருஷம் அப்படி ஓடியவள், எழுபத்து மூன்றாம் வருஷம் ஆவணி பிறந்த அன்று கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கழுத்தைத் திருப்ப முடியாமல் நின்றுவிட்டாள். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், இனிமேல் தலையில் ஒரு செங்கல்லைக்கூட வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

புருஷன் தேசப்பனுக்கு இதில் பெரிய கவலை ஒன்றுமில்லை.

“இப்போ இன்னாமே குடி முழுகிப் பூச்சு? சொம்மா வூட்ல குந்து. நான் கரையிலயே மீனை ஏலம் வுட்டுட்டு வர்றேன். ஒனக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த மாட்டனா?”

“கஞ்சி யாருக்குய்யா வோணும்? நான் சந்தைக்குப் போவணும்.”

“சந்தையில அப்டி இன்னா கீது? மீனு விக்கற, வர்ற. அத்தினிதானே?”

அதை எப்படிச் சொல்வது என்று பூவாயிக்கே தெரியவில்லை. குப்பத்தில் அவள் தேசப்பன் பெண்டாட்டி, தாண்டவராயனின் அக்கா. கழுக்குன்றத்தில்தான் அவள் வெறும் பூவாயி. அங்கே அவள் வந்தாளா வரவில்லையா என்பதை வைத்து இன்றைக்கு என்ன குழம்பு என்று முடிவு செய்கிற வீடுகள் இருந்தன. இதை எல்லாம் ஒரு ஆம்பிளையிடம் விளக்கிச் சொல்ல முடியுமா?

கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட ரெபேக்காள் வந்தாள். அவள் சுகாதார நர்ஸ், லேடீஸ் சைக்கிளில் குப்பம் குப்பமாக வந்து ஊசி குத்துகிறவள். அவள் புருஷன் ஆபிரகாம் மகாபலிபுரம் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தான்.

“பூவாயிக்கா, டாக்டர் தலையில வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு? பின்னால வச்சி இழுக்கக் கூடாதுன்னு சொல்லலியே” என்றாள் ரெபேக்காள்.

“பின்னால வெச்சி இஸ்துகினு போறதுக்கு நான் இன்னா மாடா, நர்ஸம்மா?”

“சைக்கிளுக்குப் பின்னால ஒரு சின்ன வண்டி கோத்துட்டா? டிரைலர்னு சொல்வாரு எங்க வூட்டுக்காரரு. முன்னால மிதிச்சா அதும் பாட்டுக்குப் பின்னால வரும்.”

“யாரு மிதிக்கிறது? எங்க வூட்டு ஆளா? அது தண்ணியில நிக்கும், தரையில நிக்காது.”

“நீ மிதி.”

வாசலில் கூடியிருந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பூவாயி மட்டும் சிரிக்கவில்லை. தைலம் தேய்த்த கழுத்தை மெள்ளத் திருப்பி, சவுக்கு மரத்தில் சாய்த்து வைத்திருந்த லேடீஸ் சைக்கிளைப் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து பாடம். அலை வந்து போன ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். அதுதான் பள்ளிக்கூடம். இந்தப் பக்கம் விழுந்தால் மணல், அந்தப் பக்கம் விழுந்தால் தண்ணீர். பூவாயி இரண்டு பக்கமும் பாரபட்சம் இல்லாமல் விழுந்தாள். புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டாள். ஐந்தாம் நாள் சைக்கிள் ஓடத் தொடங்கியது, ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. கரையோடு கரையாக வடக்கே ஓட்டிப் போய், கடற்கரைக் கோயிலில் நின்றிருந்த வெள்ளைக்காரர் கூட்டத்துக்கு நடுவில் போய்த்தான் இறங்கினாள். ஒருவன் போட்டோ பிடித்துக்கொண்டான். எந்த தேசத்தில் எந்தச் சுவரில் அவள் மாட்டப்பட்டிருக்கிறாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ரெபேக்காள் தன் பழைய சைக்கிளைப் பூவாயிக்கே விட்டுக் கொடுத்தாள். ஆபிரகாம் வண்டி செய்ய உட்கார்ந்தான். கல்பாக்கத்தில் மிஷின் வந்து இறங்கிய மரப்பெட்டிகளின் பலகை மலிவாகக் கிடைத்தது. பழைய சைக்கிள் சக்கரம் இரண்டு. நடுவில் இரும்புத் தண்டு. முன்னால் நீண்ட மூங்கிலைச் சைக்கிளின் சீட்டுக்குக் கீழே கொண்டுவந்து, இரும்புப் பட்டை போட்டு நாலு போல்ட்டால் முறுக்கினான். ஆபிரகாம் ஒரு போல்ட்டை முறுக்கினால் அப்புறம் அது அவன் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்காது.

வெள்ளோட்டத்துக்கு ரெண்டு கூடை மீனுக்குச் சமமான பாரம் வேண்டும் என்றார்கள். தேசப்பனே ஏறி உட்கார்ந்துகொண்டான். வேண்டா வெறுப்பாகத்தான் ஏறினான், ஆனால் வாய்க்கால் பாலம் தாண்டியதும் அவனுக்கே பிடித்துப் போய்விட்டது.

“ஷோக்கா கீதே! ஆபிரகாமு, இன்னும் கொஞ்சம் மிதி.”

ஆபிரகாம் மிதித்தான். பூஞ்சேரி வளைவில் சைக்கிளைச் சாய்த்துத் திருப்பினான். சைக்கிளோடு சேர்த்து முறுக்கப்பட்ட வண்டியும் பக்தியோடு கூடவே சாய்ந்தது. ஒரு சக்கரம் அந்தரத்தில் எழும்பியது. அடுத்த நிமிஷம் தேசப்பன் நடவு வயலில் இடுப்பு வரைக்கும் சேற்றில் உட்கார்ந்திருந்தான். பின்னாலேயே ஓடி வந்த பூவாயிக்கு உயிரே போய்விட்டது. அவன் சிதைந்து போயிருப்பான் என்று பயந்தாள், வண்டியும் சிதைந்து போயிருக்கும் என்று அதைவிடப் பயந்தாள்.

தேசப்பன் எழுந்து வந்தான். சேறு சொட்டச் சொட்டக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்த நாலு போல்ட்டையும் பார்த்தான்.

“ஆபிரகாமு, இத்த ஏன்யா இப்டி முறுக்கி வெச்சிகீறே?”

“ஆடக்கூடாதில்ல, அண்ணாத்த?”

“ஆடணும்யா! மரத்துக்கு நாங்க ஆணியா அடிக்கிறோம்? கயித்துலதானே கட்றோம்? அலை ஒரு கட்டையத் தூக்குனா மத்த கட்டை அதும்பாட்டுக்கு நெகிழ்ந்து குடுக்கணும். இல்லாங்காட்டி கவுந்துக்கும். ஒரு ஆணி அடிச்சிகினு நீ கடலுக்குப் போய்ப் பாரு, அப்பால தெரியும்.”

“இது ரோடு. இங்க எங்க கீது அலை?”

“பூஞ்சேரியில கீது. இப்பதானே குளிச்சேன்.”

ஆபிரகாமுக்கு முகம் விழுந்துவிட்டது. கயிறு ரெண்டு மைல் தாங்காது என்று முணுமுணுத்துக்கொண்டே போல்ட்டைக் கழற்றினான். தேசப்பன் மரம் கட்டுகிற கயிற்றைக் கடல் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து மூங்கிலையும் சைக்கிளையும் சேர்த்துக் கட்டினான். பலகைகளையும் தண்டையும்கூட ஆணியைப் பிடுங்கிவிட்டுக் கயிற்றாலேயே கட்டினான். மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். வளைவில் சைக்கிள் சாய்ந்தது, வண்டி சாயவில்லை. ஆபிரகாம் இறங்கி மூன்று தரம் வண்டியைச் சுற்றி வந்தான்.

“கயிறுதான் சரி, அண்ணாத்த” என்றான் கடைசியில். நல்ல மனுஷன்.

அப்புறம் குப்பத்துக்கே கொண்டாட்டம். பூவாயி மிதித்தால் பின்னால் அந்தப் பலகை வண்டி கடகடவென்று தலையாட்டிக்கொண்டு வரும். தோப்புக் கிணற்றிலிருந்து ஒரு நடைக்கு எட்டுக் குடம் நல்ல தண்ணீர் வந்தது. ரேஷன் அரிசி வந்தது, சவுக்கு விறகு வந்தது. வலைக்குச் சாயம் காய்ச்சுகிற பெரிய அண்டா, எட்டுப் பேர் தூக்கி வருவது, தனியாக ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தது. கால் முறிந்த காத்தவராயனைத் தலையணை வைத்து மகாபலிபுரம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனபோது, வலி பொறுக்காமல் அலறிக்கொண்டு கிளம்பியவன், கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் அலறலை நிறுத்திவிட்டு ரெண்டு பக்கமும் பார்த்துக் கும்பிடு போட்டான். கட்டுப் போட்டுத் திரும்பும்போது இன்னொரு தரம் கடைத்தெரு வழியாகவே போகச் சொன்னான்.

எல்லாருக்கும் உதவியது வண்டி. பூவாயியைத்தான் இன்னும் கழுக்குன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை. அதற்குக் காரணம் தேசப்பன்.

கடலிலிருந்து திரும்பியதும் மரத்தை அவிழ்த்துவிடுவது அந்தக் கரையின் வழக்கம். கட்டைகளைப் பிரித்து மணலில் தனித்தனியாகப் போட்டு வெயில் காட்டுவார்கள். காயாத கட்டை தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். மறுநாள் விடியலில் திரும்பக் கட்டுவார்கள். தேசப்பனுக்குக் கயிற்றில் கட்டியதெல்லாம் மரம். சாயங்காலம் ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சு முடிச்சாக அவிழ்ப்பான். பலகையெல்லாம் மணலில், சக்கரம் ஒரு பக்கம், மூங்கில் ஒரு பக்கம். கயிற்றைச் சுருட்டிக் கூரையில் செருகிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட வருவான்.

“யோவ், இது இன்னா கடல்லயா ஓடுது? ஏன்யா தெனம் அவுக்குற?”

“கட்னது கட்னபடி வுட்டா மரம் செத்துப் பூடும்மே.”

“இது வண்டிய்யா!”

“எதுவானா இன்னா? நான் வந்து கட்டித் தர்றேன்.”

விடியுமுன் அவனுக்கு மரம் கட்டவே நேரம் சரியாக இருக்கும். நாலு மணிக்குக் கடலுக்குப் போனால் ஒன்பது மணிக்குக் கரையேறுவான். சந்தைக்குப் போக வேண்டுமானால், ராத்திரி வலை போட்டு விடியலில் வந்து சேரும் மரங்களின் மீனை வாங்கிக்கொண்டு ஆறு மணிக்கே கிளம்பியாக வேண்டும். ஒன்பது மணிக்கு வண்டி கட்டி என்ன செய்வது? தண்ணீர் சுமக்கலாம், காத்தவராயனைச் சுமக்கலாம். வேறு ஆளைக் கட்டச் சொன்னால் தேசப்பனுக்கு ரோஷம் வரும். நானே கட்டிக்கொள்கிறேன் என்று பூவாயி ஒருநாள் கேட்டதற்கு அவன் காதைப் பொத்திக்கொண்டான். மரக்கயிற்றைப் பெண் தொட்டால் வலையில் ஒன்றும் விழாது என்பது கரையில் எல்லாரும் நம்புகிற பேச்சு. பூவாயியும் நம்பினாள். கட்டிக்கொண்ட நாள் முதல் அவன் கயிற்றை அவள் தாண்டியதுகூட இல்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். நாள் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியது.

ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளிலிருந்தே வாடைக்காற்று கிளம்பியிருந்தது. யாரும் மரம் தள்ளவில்லை. தேசப்பன் மட்டும், காற்று பலக்கிறதுக்கு முன்னால்தான் சங்கரா மீன் மேயும் என்று சொல்லி, மச்சான் தாண்டவராயனை இழுத்துக்கொண்டு போய்விட்டான். ஒன்பது மணி ஆயிற்று. வரவில்லை. காற்று பலத்தது. பூவாயி கரையில் நின்று கடலைத் திட்டினாள், அப்புறம் புருஷனைத் திட்டினாள், அப்புறம் தம்பியையும் சேர்த்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு, தோப்பில் விறகு வெட்டும் சின்னையன் தெற்கேயிருந்து ஓடி வந்தான்.

“யக்கா! ஒன் ஆளு ரெண்டும் பத்திரமா கீறாங்க. காத்து தள்ளிகினு போயி ரெண்டு மைலுக்கு அப்பால கரையில வுட்டுச்சு. மரம் பூரா சங்கரா! மெய்யாலுமே சொல்றேன், செக்கச்செவேல்னு கீது. தூக்கியார ஆளில்ல, வெயிலு ஏறுது.”

பூவாயிக்கு முதலில் உயிர் வந்தது. உயிர் வந்ததும் கூடவே சந்தை வந்தது. புரட்டாசி முழுக்க விரதம் இருந்துவிட்டு நாக்கு செத்துப் போயிருக்கிற ஊர். ஐப்பசி முதல் ஞாயிறு. இந்தக் காற்றில் ஒரு குப்பத்திலிருந்தும் மீன் போயிருக்காது.

வீட்டுக்கு ஓடினாள். வண்டி மணலில் பலகை பலகையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கூரையில் செருகியிருந்த கயிற்றை அண்ணாந்து பார்த்தாள். கையை நீட்டினாள், இழுத்துக்கொண்டாள், மறுபடி நீட்டினாள்.

“கன்னியம்மா, இது மரமில்ல, வண்டி. தப்பா நெனச்சிக்காத” என்று கடலைக் காக்கிற அம்மனிடம் சத்தமாகவே சொல்லிவிட்டுக் கயிற்றை உருவினாள்.

கட்டத் தெரியுமா என்று அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போயிற்று. இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, காலால் உதைத்து இறுக்கி, நுனியை உள்ளே செருகி ஒரு இழுப்பு. கரையில் நின்று பார்த்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கால் மணியில் வண்டி நின்றது. ரெண்டு கூடையும் ஒரு ஈரச் சாக்கும் போட்டுக்கொண்டு மிதித்தாள்.

தேசப்பன் தூரத்திலேயே பார்த்துவிட்டான். அவள் வந்து இறங்கியதும் பாராட்டவில்லை, கோபிக்கவும் இல்லை. நேராக முடிச்சிடம் போனான். இழுத்துப் பார்த்தான். காலை வைத்து அசைத்துப் பார்த்தான்.

“யாரு கட்னது?”

“நான்தான்.”

“எங்க கத்துகினே?”

“எங்க கத்துக்குவாங்க? இருவது வருசமா கரையில நின்னு ஒன்னத்தானே பாத்துகினு கீறேன்.”

தேசப்பன் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான். தாண்டவராயன் மீன் குவியலைக் காட்டிச் சிரித்தான்.

“மச்சான், பொம்பள தொட்டா வலை வத்திப் பூடும்னியே. எங்க வத்துச்சு?”

“வலை இஸ்ததுக்கு அப்பாலதானேடா இவ தொட்டா?” என்றான் தேசப்பன். ஆனால் குரலில் வேகமில்லை. “சரி, ஏத்துங்க. பேஜாரு பண்ணாதீங்க.”

தாண்டவராயன் மரத்துக்குக் காவலாக நின்றான். ரெண்டு கூடை சங்கராவுக்கு நடுவில் தேசப்பன் ஏறி உட்கார்ந்தான். பூவாயி மிதித்தாள். வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் இறங்கித் தள்ளிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டான். பூஞ்சேரி வளைவு வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டான். திறந்தபோது வளைவு பின்னால் போயிருந்தது. ரெண்டு பக்கமும் பச்சைப் பயிர், எதிர்க்காற்று, முன்னால் பெண்டாட்டியின் முதுகு வேர்த்து மின்னியது. இந்த வழியைத்தான் இவள் தலையில் பாரத்தோடு இருபது வருஷம் ஓடினாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒன்பது மைல் என்று வாயால் சொல்வது சுலபம்.

பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. சந்தையில் மீன் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. காலிப் பைகளோடு ஏழெட்டுப் பேர் இன்னும் நம்பிக்கை விடாமல் நின்றிருந்தார்கள். முதலில் பார்த்தது பொரிகடலைக் கடை வரலட்சுமி.

“அடியே! அங்க பாருங்கடி! பூவாயிடி!”

அவ்வளவுதான். எங்கிருந்து வந்தார்களோ, சந்தையே திரண்டது. ஒருத்தி பூவாயியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒருத்தி சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தாள்.

“நீ செத்துப் பூட்டேன்னு சொன்னாங்களேடி!” என்றாள் வரலட்சுமி.

“ஒனக்கு மீனு போடாத போயிடுவனா? நவுரு, நவுரு, கூடைய எறக்கணும்.”

“பின்னால யாருடி குந்திகினு கீறது? அதுவும் விக்கிறதுக்கா?”

“அது எங்க வூட்டு ஆளு. வெலை படியாது, வுட்டுரு.”

சந்தை சிரித்தது. தேசப்பனும் சிரித்துவிட்டான். சாக்கை விரித்து அவனைச் செதில் சுரண்ட உட்கார்த்தி வைத்தாள் பூவாயி. கூறு கட்டினாள். அப்புறம் அவன் கண்டது அவன் அறியாத ஒரு பெண்பிள்ளை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் பத்துப் பேருக்கும் பதில் வந்தது. யார் வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், யாருக்கு முள் ஆகாது, யார் தலையை மட்டும் கேட்பார்கள், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒருத்தன் அதட்டலாக விலை கேட்டான், அவனை ஒரே பார்வையில் உட்கார வைத்தாள். அவள் முகம் சிவந்து பளபளத்தது. வீட்டில் இத்தனை நாளாகச் சண்டை போட்டுக்கொண்டு கிடந்தவள் இவள்தானா என்று தேசப்பன் செதில் சுரண்டுவதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். சந்தையில் என்ன இருக்கிறது என்று தான் கேட்டது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் கூடை காலி. வரலட்சுமி கிளம்பிப் போனவள் திரும்பி நின்றாள்.

“பூவாயி, நாளைக்கு வருவியா? இல்ல, இன்னும் ரெண்டு மாசம் கழிச்சித்தானா?”

பூவாயி வாயைத் திறப்பதற்குள், சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த தேசப்பன் சொன்னான்.

“வரும். தெனம் வரும். ஆறு மணிக்கெல்லாம் வண்டி கட்டி ரெடியா நிக்கும்.”

“யாரு கட்டுவாங்களாம்?” என்றாள் பூவாயி, அவன் பக்கம் திரும்பாமல்.

“நீதான். கயிறு இனிமே ஒங்கிட்டயே இருக்கட்டும்.”

பூவாயி வீட்டுக் குழம்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ரெண்டு சங்கராவை எடுத்தாள். பதினாலு வருஷமாகக் கொசுறு கேட்டு ஒரு நாளும் வாங்கியறியாத வரலட்சுமியின் பையில் ரெண்டையும் போட்டுவிட்டு, சைக்கிளைத் திருப்பினாள்.